முப்பத்தொரு கோடு போட்ட எஞ்சின்

பதினோரு வருடம் கழித்து எனக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணியிலிருந்து என் காரில் மூன்று ஊருக்கு ரொட்டி கொண்டுபோக வேண்டும். பேக்கரிக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கார் இல்லேன்னா வேலையும் இல்ல, ரஸீம்."

கார் எண்பத்தாறாம் வருடத்து டீசல் கோல்ஃப். எஞ்சினின் பல்சக்கரங்களை இடம் பிசகாமல் சேர்ந்து சுற்றவைக்கும் டைமிங் பெல்ட் வெடிப்பு விட்டிருந்தது. மலைப்பாதையில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். அதனால் ஞாயிறு காலை நானே மாற்ற இறங்கினேன். பொஸ்னியாவில் வாசலில் பானட்டைத் திறந்து வைப்பதும் தெருவுக்கே பத்திரிகை வைத்து அழைப்பதும் ஒன்றுதான். தெரிந்தும் திறந்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் பல்சக்கரங்களிலும் பெல்ட்டிலும் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொண்டேன். அதே கோடுகளைப் பல்லை எண்ணிப் புது பெல்ட்டில் போட்டு மாட்டினால் வேலை முடிந்தது. பழையதைக் கழற்றிக் கீழே வைத்ததும் மேல்வீட்டுக்காரி காபிக்குக் கூப்பிட்டாள். எங்கள் ஊரில் காபி வேண்டாம் என்றால் பேரன் பேத்தி காலம்வரை பேச்சு நின்றுபோகும். போனேன். ஒரு காபி குடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

திரும்பி வந்து பார்த்தால் எஞ்சினில் முப்பத்தொரு கோடு. பெயின்ட் டப்பா காலி. பக்கத்தில் ஸியாத், ஸ்லாவ்கோ, ஆன்டோ மூவரும் நின்றார்கள். மூடிப்போன தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவர்கள்.

"உன் கோடு மங்கலா இருந்துச்சு மாப்ள. பாதுகாப்புக்கு நானும் போட்டேன்," என்றான் ஸியாத்.

"அவன் போட்டது கோணல். நான் நேராப் போட்டேன்," என்றான் ஸ்லாவ்கோ.

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க. நான் நடுவுல போட்டேன்," என்றான் ஆன்டோ.

"பெல்ட்டுதான் கழட்டியாச்சேடா. எதைப் பாத்துடா போட்டீங்க?"

"அனுபவம்," என்றார்கள் மூவரும்.

எது என் கோடு என்பதில் ஒத்துப்போக முடியவில்லை. எங்கள் நாட்டுக்கே இனத்துக்கு ஒருவராக மூன்று தலைவர்கள் முறை வைத்து ஆளும்போது என் எஞ்சினுக்கு ஒருவர் போதுமா? உடனே ஒரு தலைமைக்குழு. ஆளுக்கு இருபது நிமிடம் தலைவர் பதவி. தலைவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் ஸ்பேனரும். மூவரும் சம்மதிக்காமல் எந்தக் கோட்டுக்கும் அங்கீகாரம் இல்லை. மூன்று மணி நேரம் போனது. இடது பக்கம் எது என்பதையே அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பால்கனியிலிருந்து என் மனைவி மெர்ஸிஹா கேட்டாள்: "பெல்ட்டைக் கழட்டின பிறகு யாராவது எஞ்சினைச் சுத்துனீங்களா?"

"சபையில பேசணும்னா எழுதித் தரணும்," என்றான் அப்போதைய தலைவர் ஆன்டோ.

"எழுதித் தரேன், பூரிக்கட்டையால. சுத்துனீங்களா இல்லையா?"

"இல்ல."

"அப்ப எதுவும் நகரலையே. எல்லாம் வச்ச இடத்துலதான் இருக்கு. கோட்டை விட்டுட்டு பெல்ட்டை மாட்டுங்க."

ஸ்பேனரைப் பிடுங்கிப் புது பெல்ட்டை மாட்டினேன். கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன், எங்கும் இடிக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் கறுப்பாகப் புகை கக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. எனக்கு உயிர் வந்தது. அவர்கள் மூவர் முகமும்தான் தொங்கிப்போனது.

"இது தற்காலிக அனுமதிதான்," என்றான் ஸ்லாவ்கோ.

மறுநாள் காலை கீழே இறங்கினால், காருக்குள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். குழுவின் மூன்று உறுப்பினரும் இல்லாமல் வண்டி நகரக்கூடாது என்று இரவே தீர்மானம் போட்டார்களாம். திட்டித் தீர்த்தேன். ஒருவனும் இறங்கவில்லை.

அவர்களோடே பேக்கரிக்குப் போய் நிறுத்தியதும் பேக்கரிக்காரர் காருக்குள் எட்டிப் பார்த்தார். "நான் கேட்டது ஒரு டிரைவர்."

"டிரைவர் இவருதான். நாங்க பெல்ட்டு," என்றான் ஸியாத்.

ஏதோ சொல்லிச் சமாளிக்கலாம் என்று திரும்பியபோதுதான் கவனித்தேன். மூவரும் முகம் மழித்திருந்தார்கள். சட்டைகளில் இஸ்திரி மடிப்பு. காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் போக அவர்களுக்கும் பதினோரு வருடமாக ஓர் இடம் இல்லை.

"இவங்க இல்லாம இந்த வண்டி ஓடாதுங்க," என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு ரொட்டித் தட்டுகளை ஒவ்வொன்றாக அவர்கள் மடியில் ஏற்றினார்.