அடுத்த வண்டியின் கடைசி எண்

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆள் செத்துப்போகலாம் என்று ஹம்தான் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்படியும் ஒரு விளையாட்டா? அவன் என் கணவர் ஆசிமின் தம்பி. அவன் வேலை பார்க்கும் லாட்ஜில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய புத்தகத்தில் இருந்த ஆட்டம் அது. போர்டு கிடையாது, காய் கிடையாது. ஒரு ஆளைத் தாளில் எழுதி, அவனாகவே பேசி ஆட வேண்டுமாம். அதற்கு முன் அவன் பிழைத்த கதையை எழுத வேண்டும். அவன் பார்த்த ஒவ்வொரு நான்கு வருட வேலைக்கும் ஒரு தடவை பகடை உருட்டி எண் போட வேண்டும். ஐந்துக்குக் குறைந்தால் ஆள் காலி. போதுமென்று எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

பகடை வீட்டுக்குள் வந்தால் சூதாட்டம் என்று என் மாமியார் வீட்டை இரண்டாக்கிவிடுவார். அதனால் ஜங்லிகாட் தெருவைப் பார்த்த பால்கனியில் உட்கார்ந்து, அடுத்து வரும் வண்டியின் கடைசி எண்ணை எடுத்துக்கொண்டோம்.

வேறு பெயர் தோன்றாமல் ‘கப்பல்காரன் ஆசிம்’ என்று எழுதித் தொலைத்தேன். அங்கேதான் என் புத்தி கெட்டது. நிஜ ஆசிம் காலையிலேயே கப்பல் வேலைக்கான மெடிக்கல் செக்கப்புக்குப் போயிருந்தார். போன மாதம் ஈ.சி.ஜி. சரியில்லை, திரும்ப வா என்று சொல்லியிருந்தார்கள். இன்று அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் கப்பல் வேலை அவ்வளவுதான். கடலை விட்டால் அந்த மனுஷருக்கு வேறொன்றும் தெரியாது. மணி மூன்று. அவர் போன் ஸ்விட்ச் ஆஃப்.

ஏழு வந்தது. பிறகு ஒன்பது. மூன்றாவதாக ஒரு காய்கறி டெம்போ, ஐந்து. நூலிழையில் தப்பினான்.

“ரஹ்னே தோ மதினி, போதும். நல்ல ஆளாத்தான் வந்திருக்கான்.”

“இன்னும் ஒரே தடவ.”

தாளில் இருக்கிற இவன் பிழைத்தால் அவருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்குள் எப்போதோ முடிச்சுப் போட்டுவிட்டேன். வெளியே சொல்ல வெட்கம்.

தெரு கொஞ்ச நேரம் காலியாகக் கிடந்தது. பிறகு முனையில் ஒரு நீல ஸ்கூட்டர் திரும்பியது. நம்பரைப் படிக்க வேண்டியதே இல்லை. எட்டு வருடமாக நான் பின்னால் உட்கார்ந்து போகிற வண்டி. கடைசி எண் இரண்டு.

யா அல்லாஹ், நடுவில் ஒரு ஆட்டோ வரட்டும். பக்கத்துச் சந்தின் வாயையே பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

ஹம்தானும் அண்ணனின் வண்டியைப் பார்த்துவிட்டான். “காக்கா வண்டி கணக்குல வேணாம் மதினி. அடுத்தத எடுத்துக்கலாம்,” என்றான்.

ஆசிம் வண்டியை வாசலில் நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். கையிலிருந்த மெடிக்கல் ரிப்போர்ட் கவரை சீட்டின்மேல் வைத்தார். மேலே பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே அங்கே நின்றுகொண்டிருந்தார்.