மைனஸ் பன்னிரண்டும் மூன்றாவது கொண்டை ஊசி வளைவும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டயர் கடையில் கிடைத்தது. என் ஸ்கூட்டருக்குப் பஞ்சர். "உட்காருங்க சார், அஞ்சு நிமிஷம்" என்றார் கடைக்காரர். அந்த ஐந்து நிமிஷம் ஒரு முழுக் காலையாக நீண்டதற்குக் காரணம் எனக்கு முன்னால் வந்து நின்ற ஓர் ஆள். கையில் ஸ்டீல் ஸ்கேல், காதில் பென்சில். தன் வண்டிச் சக்கரம் வெளியே பன்னிரண்டு மில்லிமீட்டர் துருத்த வேண்டுமா, பதினைந்தா என்று கேட்டுக்கொண்டிருந்தான். கடையில் அவனுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். முகத்துக்கு நேரே சார், தலை மறைந்ததும், "மில்லிமீட்டர் போய்ட்டாரா?"

நடுவில் அவனுக்கு ஒரு போன் வந்தது. "முக்கியமான வேலைல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டு மறுபடி சக்கரத்தின் முன்னால் குந்தினான். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

[நான் ஸ்கூட்டர்காரன் என்று சொல்லிவிட்டேன். இனி நான் எழுதுவதெல்லாம் வயிற்றெரிச்சல் என்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது.]

2

முதல் தொடக்கம்: "மலைமேல் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. சுகாதார நிலையத்தின் ஜன்னலோரம் நின்று அவள் வெறிச்சோடிய சாலையையே பார்த்துக்கொண்டு—"

நிறுத்தினேன். போனில் பேசியவள் அவன் மனைவி, நர்ஸ் என்று வைத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ஊசி, கட்டு, இருமுகிற குழந்தைகள், அவற்றைவிடப் பலமாக இருமுகிற அப்பாக்கள். ஜன்னலோரம் நிற்க அவளுக்கு எங்கே நேரம்? கதையில் பெண் என்றாலே கொண்டுபோய் ஜன்னலில் நிறுத்துகிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இரண்டாவது தொடக்கம்: "மனிதகுலத்தின் மகத்தான கண்டுபிடிப்புகளில் சக்கரம்—"

இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.

மூன்றாவது, வேறு வழியில்லாமல்: அவன் மனைவிக்கு மலைமேல் வேலை. அவளைப் போய்ப் பார்ப்பதற்காக அவன் நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி ஒன்று வாங்கினான். வாங்கிய நாளிலிருந்து அவளைப் போய்ப் பார்க்கவில்லை.

இதையே வைத்துக்கொள்வோம்.

3

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. (தெரிந்தவர்கள் தாண்டிப் போய்விடுங்கள். இல்லாவிட்டால் தப்புக் கண்டுபிடித்து நீளமாக எழுதி அனுப்புவீர்கள்.) சக்கரத்தின் அகலத்தைச் சரிபாதியாக்கி நடுவில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை வண்டியோடு சேர்த்து நட்டு முடுக்குகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதுதான் ஆஃப்செட். பிளஸ் என்றால் சக்கரம் உள்ளே ஒடுங்கி நிற்கும். மைனஸ் என்றால் வெளியே துருத்தும். கம்பெனி கொடுத்த சக்கரம் பிளஸ். கம்பெனி கொடுத்த டயர் இருபத்தொன்பது இன்ச் உயரம். அதிலேயே மலைக்குப் போய்விடலாம். அதுதான் அதில் அவன் கண்ட குறை.

முப்பத்தொன்று இன்ச் போட்டால் எதுவும் உரசாது, யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். முப்பத்துமூன்றைப் போட்டு, மைனஸ் பன்னிரண்டில் வெளியே தள்ளினால் தெருவே பார்க்கும். ஆனால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் மட்கார்டுக்குள் போய் உரசலாம்.

"முப்பத்துமூணு ஏறுமாண்ணே?"

"ஏறும் சார்."

"உரசாதே?"

"உரசாது சார்."

"முப்பத்தொண்ணு?"

"அதுவும் ஏறும் சார்."

"ரெண்டுல எதுண்ணே நல்லது?"

"நீங்க எதை எடுக்கறீங்களோ அது சார்."

[இந்த இடத்தில் கடைக்காரரை ஒரு ஞானியாக்கிவிடலாம். கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே வாழ்க்கையைப் பற்றி ஒரு வாசகம் சொல்ல வைத்தால் நீங்கள் அடிக்கோடு போடுவீர்கள். மாட்டேன். அவருக்கு டயர் விற்றாக வேண்டும், அவ்வளவுதான்.]

4

"அப்புறம் பேசறேன்" என்றானே, அந்தப் போனை நான் முழுதாக எழுதிப் பார்த்தேன். மலையில் அவளுக்குக் கொடுத்த ஒரு வருஷம் முடியப்போகிறது. இறங்கி வருவதா, இன்னும் மூன்று வருஷம் இருப்பதா என்று மாதக் கடைசிக்குள் அடிவாரத்து அலுவலகத்தில் நேரில் சொல்ல வேண்டும். அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது.

"ஒரு தடவ வந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னா சொல்லுங்க, மறுபேச்சு பேசாம இறங்கி வந்துடறேன். பாக்காமலே வேணாம்னா எப்படி?"

"வரேன்மா. சக்கரம் மட்டும் முடிவாயிடட்டும்."

"எந்தச் சக்கரம்?"

"உனக்காகத்தான்மா பண்றேன். அந்த ரோட்டுல சாதா டயர்ல வந்தா..."

"தினம் பால் வண்டி வருதுங்க. அது டயர்ல ஒரு கோடு கூட இல்ல, வழுவழுன்னு இருக்கு."

"அது ரிஸ்க்கு. அவங்க பழகினவங்க."

"பால் வண்டில முன்னாடி சீட்டு காலியாத்தான் வருது. ஏறி வாங்களேன்."

இதற்கு அவனுக்கு ஒரு பதில் எழுதிக் கொடுக்கப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை.

"சரி. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். நீங்க வரலன்னா நானே ஆபீசுக்குப் போய், இங்கயே இருக்கேன்னு சொல்லிடுவேன். அப்புறம் நீங்க நாப்பது இன்ச் போட்டு வந்து நின்னாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

இப்படிச் சொன்ன பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்று அவன் யாரிடம் கேட்டான் தெரியுமா? வாட்ஸ்அப் குழுவிடம். குழுவின் பெயர் மண்பாதை மன்னர்கள். மன்னர்கள் ஞாயிறுதோறும் ஒரு பெரிய கடைவளாகத்தின் பார்க்கிங்கில் கூடுவார்கள். நடைபாதை விளிம்பில் ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு, துணியால் துடைத்து, வீட்டுக்குப் போவார்கள். அவர்களுடைய அட்மின் குரல்பதிவாகவே பதில் அனுப்பினார்:

"ப்ரோ, பிளஸ்னா வண்டி வெக்கப்பட்டு நிக்கற மாதிரி இருக்கும் ப்ரோ. மைனஸ் போங்க. நெஞ்ச நிமித்திட்டு நிக்கும். சிஸ்டர் பாத்தா அசந்துடுவாங்க."

அவன் குழுவில் கேட்டது பிளஸா மைனஸா என்று மட்டும்தான். சிஸ்டர் என்ன கேட்டாள் என்பதைச் சொல்லவே இல்லை.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இவனைக் கிறுக்கன் என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் கிறுக்கனாக இருந்தால் இத்தனை நாள் தள்ளிப்போட மாட்டான். எதையாவது மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பான்.

அவனுக்கு ஒரு தண்ணீர் சுத்திகரிப்புக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. நாள் முழுக்கப் போனில் "மன்னிக்கணும் மேடம், ஆள் கிளம்பிட்டாரு மேடம்." அந்த வேலையை எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். மலைமேல் உட்கார்ந்தும் செய்யலாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். போய்ப் பார்த்து அந்த இடம் பிடித்துப்போய்விட்டால் அவனுக்குச் சாக்கு இல்லை. இங்கே அவனுக்கு ஒரு குழு உண்டு, மன்னர் பட்டம் உண்டு, கடைக்காரர் பார்த்ததும் எழுந்து நிற்கிறார். அங்கே அவன் நர்ஸம்மா வீட்டுக்காரர். அவ்வளவுதான் அவன் அடையாளம். அவள் நடந்து போனால் வழியில் நாலு பேர் நின்று வணக்கம் சொல்வார்கள், பக்கத்தில் வருகிறவன் யார் என்று ஐந்தாவது ஆள் கேட்பான்.

பயந்துபோயிருக்கிறான். பாவம் என்று எழுதத் தோன்றியது. எழுதவும் எழுதினேன். பிறகு அவளை நினைத்து அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

(இதுவரை மூன்று தொடக்கம், ஏகப்பட்ட அடைப்புக்குறி. என் வீட்டில் கேட்டார்கள்: "அவன் எப்போதான் கிளம்புவான்? நீ எப்போதான் எழுதுவே?" இரண்டும் ஒரே கேள்வி மாதிரி இருந்ததால் எழுந்து போய்விட்டேன்.)

6

கிளம்பினான்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, முப்பத்துமூன்று, மைனஸ் பன்னிரண்டு. கடையில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுக்க, வலப்பக்கம் முழுக்க ஒடித்துப் பார்த்தார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் போனது. விரலோடு போட்டோ எடுத்து அனுப்பினான். மன்னர்கள் கைதட்டினார்கள்.

பிறகு வீட்டுக்கு வந்து சாமான் ஏற்றினான். கூரைமேல் மடிப்புக் கூடாரம். இன்னொரு ஸ்டெப்னி. முன்பக்கம் இழுவைக் கம்பி சுற்றிய இரும்பு உருளை. மணலில் மாட்டினால் போட இரண்டு தகடு. அந்த வழியில் மணலே கிடையாது. மண்வெட்டி, கோடாலி, டீசல் கேன், தண்ணீர் கேன், குட்டி பிரிட்ஜ். அவள் கேட்டது ஒரு குக்கர் ரப்பர். அது எதற்கடியிலோ இருக்கிறது, அல்லது வாங்கவே இல்லை.

பாரம் ஏறினால் வண்டி தாழும், டயர் தாழாது. அந்த ஒரு விரல் இடைவெளி வீட்டு வாசலிலேயே போய்விட்டது. மாதக்கணக்கில் மில்லிமீட்டர் பார்த்தவன், வெறும் வண்டியை அளந்துவிட்டு நிறைவண்டியில் புறப்பட்டான்.

முதல் இரண்டு கொண்டை ஊசி வளைவும் அகலம். தப்பித்தான். மூன்றாவது குறுகலானது, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால்தான் திரும்பும். ஒடித்தான். தகரத்தை நாய் கடித்து இழுப்பதுபோல ஒரு சத்தம். டயர் மட்கார்டின் உள்பக்கத்தைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவே சாலை முழுக்க அவன்.

மேலேயிருந்து பால் வண்டி இறங்கி வந்தது. முன்சீட்டில் அவள். அவன் வரமாட்டான் என்று முடிவுகட்டி, மலையிலேயே இருப்பதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டு வரக் கிளம்பியவள்.

[தற்செயல் என்று முனகுகிறீர்கள். மலைக்கு ஒரே சாலை. அவளுக்கு ஒரே வண்டி. வேறு எங்கே சந்திப்பார்கள்?]

இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இதுதானா அது?"

"மைனஸ் பன்னெண்டும்மா" என்றான். அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை நான் மறைக்க விரும்பவில்லை.

"சார், மைனஸோ பிளஸோ, கொஞ்சம் ஓரம் போடுங்க. பால் வெயில்ல நிக்குது" என்றார் பால்காரர்.

"திரும்ப மாட்டேங்குதுங்க."

அவள் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "இவ்ளோ என்னத்த ஏத்திட்டு வந்தீங்க?"

"தேவையான சாமான்."

"யாருக்கு?"

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கூரைமேல் ஏறிவிட்டாள். அவள் எடுத்துக் கொடுக்க, பால்காரர் வாங்கிப் பாறையோரம் அடுக்கினார். கூடாரம், கேன்கள், ஸ்டெப்னி, தகடு, பிரிட்ஜ் எல்லாம் இறங்க இறங்க வண்டி மூச்சு விட்டு எழும்பியது. கடைசியில் ஸ்டீயரிங் திரும்பியது. வளைவைத் தாண்டி, மேல்நோக்கி, ஓரமாக நிறுத்தினான். வழி விட்டாயிற்று.

அவள் கையைத் தட்டிக்கொண்டு வந்தாள். வியர்த்திருந்தது. கோபமாக இருப்பாள் என்று பார்த்தால் முகத்தில் சிரிப்பு. ஒரு வருஷமாக அவன் பார்க்காத சிரிப்பு. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"இப்போ திரும்புதுல்ல? வாங்க, மேல போலாம். ஆபீசுக்கு நாளைக்கு ஒரு நாள் இருக்கு. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க, நாளைக்கு ரெண்டு பேருமா போய்ச் சொல்லலாம்."

"இந்தச் சாமான்?"

"கிடக்கட்டும். நாளைக்கு இறங்கும்போது ஏத்திக்கலாம்."

அவன் பாறையோரம் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி பாறையோரம் பார்த்தான்.

"யாராவது தூக்கிட்டுப் போய்ட்டாங்கன்னா?"

7

இந்த இடத்துக்கு வரத்தான் எனக்கு இத்தனை நாள் பயம்.

முடிவு ஒன்று: கேட்ட வாயைத் தானே மூடிக்கொண்டு கதவைத் திறந்து விடுகிறான். இருவரும் மேலே போகிறார்கள். இதை எழுதி முடித்ததும் எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு எழுதியதை நான் நம்புவதில்லை. அடித்தேன்.

முடிவு இரண்டு: அவள் ஒன்றும் சொல்லாமல் பால் வண்டியில் ஏறிப் போய்விடுகிறாள். அவன் பிரிட்ஜின்மேல் உட்கார்ந்து, குழுவுக்கு... இது அவனுக்குச் சரியான தண்டனைதான். ஆனால் இதில் அவனைத் தண்டிக்கிற மும்முரத்தில் அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு வரிகூட நான் யோசிக்கவில்லை. அவனைப் போலவே நானும். அடித்தேன்.

முடிவு மூன்று: "நீங்க இங்கயே காவலுக்கு இருங்க, நான் போய்ட்டு—"

இதை முடிக்க மனசு வரவில்லை.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக அணையவில்லை. இறங்குகிற வண்டியின் கதவு திறந்திருக்கிறது, ஏறுகிற வண்டியின் கதவும் திறந்திருக்கிறது. பால்காரர் இன்ஜினைப் போட்டுவிட்டு, "ஏறறீங்களாம்மா?" என்று கேட்கிறார். அவள் இரண்டு வண்டிக்கும் நடுவே நிற்கிறாள்.

எந்தக் கதவு என்பதை நீங்கள் சொல்லுங்கள். அளவெடுக்க உட்கார்ந்துவிடாதீர்கள். பால் திரிந்துவிடும்.