முதல் பக்கத்திலேயே கத்திரி

என் கதையின் முடிவில், தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் தன் தம்பியைக் கத்திரியால் குத்திவிடுவான். அந்தக் கடைசிப் பத்தியை எழுதி முடித்ததும் நோட்டைப் பெருமையாக அக்காவிடம் நீட்டினேன். அக்கா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“என்னடி இது? அஞ்சு பக்கம் சும்மா துணி தைக்கிறாங்க. ஆறாம் பக்கத்துல கத்திரி எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்து விழுந்துச்சா?”

“அதான்க்கா அதிர்ச்சி!”

“அதிர்ச்சி இல்ல, ஏமாத்து. கடைசியில ரத்தம் வரணும்னா முன்னாடியே அங்கங்க ஒரு புள்ளி வெச்சிட்டு வரணும். படிக்கும்போது கண்ல பட்டும் படாம இருக்கணும். முடிச்சதும், ‘அட, அப்பவே இருந்துச்சே!’ன்னு தோணணும். முதல் பக்கத்திலேயே கத்திரியைக் காட்டு.”

புள்ளி தேடி நான் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. பெரியப்பாவும் சித்தப்பாவும் நடத்தும் தையல் கடையில்தான் எனக்கு வேலை. காஜா எடுப்பேன், பட்டன் தைப்பேன். பெரியப்பா வெட்டுவார், சித்தப்பா தைப்பார். ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. நாற்பது சீருடைச் சட்டைகளுக்குக் கையைக் குட்டையாக வெட்டியது பெரியப்பா. சட்டை வாங்க வந்தவர்கள் சத்தம் போட்டதும், “தம்பி தையல்ல கோட்டை விட்டுட்டான்” என்று கூசாமல் சித்தப்பா தலையில் கட்டிவிட்டார். அன்றிலிருந்து நடுவில் உட்கார்ந்திருக்கும் நான்தான் தபால்காரி.

“அந்தத் தொரைகிட்ட காலர் ஆச்சான்னு கேளு” என்பார் பெரியப்பா. தொரை நாலடி தூரத்தில் இருப்பார்.

“ஆச்சுன்னு சொல்லும்மா” என்பார் சித்தப்பா, சிரித்த முகமாக.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்ததையெல்லாம் எழுதினேன். கத்திரி வேலையில்லாத நேரத்தில் ஆணியில் தொங்க வேண்டும் என்பது கடைச் சட்டம். இந்த வாரம் பெரியப்பா அதைக் கையைவிட்டு இறக்கவே இல்லை. ஒரே நாளில் இரண்டு முறை தீட்டினார். துணியே இல்லாமல் காற்றை ‘கறுக், கறுக்’ என்று வெட்டினார். “நான் வெட்டிக் குடுக்கலைன்னா இவன் எதைத் தைப்பான், தன் வாயையா?” என்றார். வலது கையை மேசைமேல் விரித்து வைத்து, “முப்பது வருஷமா இந்தக் கை தப்புப் பண்ணதே இல்ல” என்று தட்டிக் காட்டினார். எழுத எழுத எனக்கு ஒரே குஷி.

நடுநடுவே கடைச் சூழலுக்காகச் சித்தப்பாவையும் கொஞ்சம் சேர்த்தேன். சாயங்காலம் டெலிவரிக்கு முன்னால்தான் எங்கள் கடையில் இஸ்திரிப் பெட்டி சூடாகும். இந்த வாரம் சித்தப்பா காலையிலேயே சுவிட்சைப் போட்டுவைத்தார். அவ்வப்போது விரலை நாக்கில் தொட்டுப் பெட்டியின் அடியில் ஒற்றி எடுப்பார். ‘ஸ்ஸ்.’ அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. நாலு இடத்தில் போட்டேன்.

வியாழக்கிழமை திருத்தி முடித்தேன். மத்தியானம் கடையிலேயே சாப்பிடுகிறவள், அன்று நோட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு ஓடினேன். அக்காவுக்கு லீவு. சாப்பிட்டுக்கொண்டே படித்தாள்.

“இப்ப நல்லா இருக்குடி. பயமாவே இருக்கு. ஆனா ஒரு சந்தேகம்.”

“கேளு, கேளு!”

“குத்துறது அண்ணன்காரன்னு சொல்ற. எனக்கு அவனைப் பார்த்துப் பயம் வரலை. அவன் வெறும் வாய்ச்சவடால். தம்பியைப் பார்த்தாத்தான் வருது. துணியே இல்லாம எதுக்கு இஸ்திரிப் பெட்டியக் காய வெச்சிட்டே இருக்கான்? எப்படிடி இதெல்லாம் கற்பனை பண்ண?”

“அது கற்பனை இல்லக்கா. நம்ம சித்தப்பா நெஜமாவே அப்படித்தான் பண்றாரு.”

அக்கா வாயில் இருந்ததை மெல்லவில்லை.

“இப்பக் கடையில யாரு இருக்கா?”

“அவங்க ரெண்டு பேர்தான்.”

கை கழுவாமலே எழுந்தாள். இரண்டு தெருவையும் ஓடியே கடந்தோம். முனை திரும்பியபோது கடையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்கா வேகத்தைக் குறைக்கவில்லை.

உள்ளே கருகிய வாடை. துணி கருகினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது துணி இல்லை.

பெரியப்பா தரையில் உட்கார்ந்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார். புறங்கையில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்து, செக்கச்செவேலென்று உரிந்திருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அக்கா தண்ணீருக்கு ஓடினாள்.

சித்தப்பா சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டியை அதன் தட்டில் நிமிர்த்தி வைத்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார், ஒரு மாதமாகப் பேசுகிற மாதிரியே.

“மறுபடியும் மேசையில கைய விரிச்சு வெச்சு, தப்பே பண்ணாதுன்னு தட்டினாரும்மா.”

நான் ஆணியைப் பார்த்தேன். கத்திரி அங்கேதான் வாயை மூடிக்கொண்டு தொங்கியது.