பின்னால் நின்றவன்

லென்ஸ்களை ஈரம் படாமல் வைக்கும் ட்ரை பாக்ஸின் முள் நாற்பத்தைந்தில் நின்றது. வேலைக்குக் கிளம்பும் முன் அதைப் பார்ப்பது பதினோரு மாதப் பழக்கம். ஈரம் ஐம்பதைத் தாண்டினால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று தனேஸ்வரி சொல்லியிருந்தாள். கோல சிலாங்கூரின் ஆற்றுக் காற்றில் ரொட்டியே இரண்டு நாளில் பூத்துவிடும். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இரண்டு லென்ஸ்கள், ஒரு துடைக்கும் துணி, காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த பிளாஸ்டிக் பை. பைக்குள் உடைந்த கேமரா. கேமராவுக்குள் கார்டு. அதை நான் வெளியே எடுத்ததில்லை. முள்ளை மட்டும் பார்ப்பேன்.

அன்று காலை முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புக்கிட் பெருந்துங்கிலிருந்து அத்தை அழைத்தார். தனேஸ்வரியின் அம்மா, வள்ளியம்மா.

"தம்பி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் அத்தே."

"பொய் சொல்லாத. சரி, அடுத்த மாசம் வருஷ திதி வருது. நல்ல படம் ஒன்னு வேணும் லா."

"அன்னிக்கு வச்ச படம் இருக்கே."

"அடையாள கார்டுக்கு எடுத்த அந்த ஐசி படமா? போலீஸ்ல புடிச்சி உக்கார வச்ச மாதிரி மொறைக்கிறா. வெளக்கு ஏத்தும்போது எனக்கே பயமா இருக்கு."

"கல்யாணப் படம்…"

"அதுல நீயும் நிக்கிற. உசுரோட இருக்கிற ஆளுக்கு மாலை போடுவாங்களா? வெட்டி எடுக்கவும் கூடாது. வேற பாரு. ஊரப் பூரா படம் புடிச்சவ, அவ படம் ஒன்னு இல்லாமயா போச்சி?"

இல்லாமல்தான் போயிருந்தது. கணினியில் இருபதாயிரம் படங்களுக்கு மேல் இருந்தன. செம்பனைக் குலைகள், பறவைகள், நண்டு வலைகள், மழையில் நின்ற லோரிகள். எதிலும் அவள் இல்லை. எடுக்கிற ஆள் எப்படி உள்ளே இருக்க முடியும் என்பாள். நான் கைப்பேசியைத் தூக்கினால் உள்ளங்கையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். அவள் கைப்பேசியில் நான்கைந்து இருந்திருக்கலாம். அது அன்று அவளிடமிருந்து தெறித்து ஆற்றில் போய்விட்டது.

"அந்தக் கேமராவுல பாரு தம்பி," என்றார் அத்தை. "கடைசியா வச்சிருந்தாளே, அதுல." பிறகு, எப்போதும் சொல்வதைச் சொன்னார். "அவசரக்காரி. எல்லாத்துக்கும் பாடம் நடத்துனா. தன் முதுகுக்குப் பின்னால பாக்கத் தெரியல."

அந்தப் பேச்சை அவருக்குக் கொடுத்தவன் நான்தான்.

தனேஸ்வரி பாலர் பள்ளியில் ஆசிரியை. நான் எண்ணெய் ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சனி ஞாயிறுகளில் அவள் கேமராவோடு தோட்டங்களுக்குள் போவாள். வலைப்பூ ஒன்று வைத்திருந்தாள். முதலில் நாலு பேர் படித்தார்கள், பிறகு நானூறு பேர் படித்தார்கள். பெரும்பாலும் அவளைப் போன்ற பெண்கள். தொழிற்சாலையில், கடையில், வீட்டில் இருப்பவர்கள். நல்ல கேமரா வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று எழுதுவாள். வீட்டுக்கு எதிரே நிற்கும் ஒரே ஒரு செம்பனை மரத்தை முப்பது நாள் எடுங்கள், முப்பத்தொன்றாம் நாள் உங்களுக்கே தெரியும் என்பாள். அவளும் எடுத்தாள். முப்பது நாளும் காலையில் என்னை எழுப்பி வாசலில் நிறுத்தினாள். எனக்கு முப்பதும் ஒரே படமாகத்தான் தெரிந்தது.

அதைவிட அதிகமாகப் பாதுகாப்பைப் பற்றி எழுதினாள். பறவைக் கூட்டின் இடத்தை ஒருபோதும் எழுதாதீர்கள். போன அன்றே படத்தைப் போடாதீர்கள், ஒரு வாரம் போகட்டும், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பிறர் பிள்ளைகளின் முகத்தைக் கேட்காமல் போடாதீர்கள். கார்டை இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகுதான் படங்களைப் பார்க்க வேண்டும், எதையும் அவசரப்பட்டு அழிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. கண் கேமராவில் இருக்கும்போது முதுகுக்குக் கண் கிடையாது. ஆகவே கூட ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நான். பின்னால் நகர வேண்டுமென்றால் அவள் கண்ணை எடுக்காமலேயே, "பின்னால?" என்று கேட்பாள். நான் பார்த்துவிட்டு, "சரி" என்பேன். அல்லது, "நில்லு" என்பேன். பாம்பு, பள்ளம், மோட்டார் சைக்கிள், எருமைச் சாணம். மூன்று வருடத்தில் ஒரு தடவையும் தவறியதில்லை. அவள் எனக்கு மண்டோர் என்று பெயர் வைத்திருந்தாள்.

"மத்தவங்க வேல செய்றப்ப பின்னால நின்னு பாக்கிற ஆளுக்கு தோட்டத்துல என்னா பேரு? மண்டோர்தானே. எங்க தாத்தாவ வெரட்டுனவன் பரம்பரை லா நீ."

"மண்டோருக்கு சம்பளம் உண்டு."

"உனக்கு டீ உண்டு. சர்க்கரை கம்மியா."

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. அவளுக்குக் கைப்பேசியில் தமிழ் தட்டுவது பிடிக்காது. சொல்வாள், நான் எழுதுவேன். நாளடைவில் வாசகர் கேள்விகளுக்கு அவள் சொல்லாமலேயே நான் பதில் எழுதத் தொடங்கியிருந்தேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியும்.

பதினோரு மாதத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பெரிய வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்துக்குப் போனோம். அங்கே ஒரு பழைய மதகு. மேலே அகலமான சிமெண்ட் தளம். மதகைத் திறக்கும் இரும்புச் சக்கரம் ஒரு கோடியில். மறுகோடியில், ஆற்றுப் பக்கம், கைப்பிடிக் கம்பியைப் பழைய இரும்புக்காக யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். போனவுடனே அதை இருவரும் பார்த்தோம். "மண்டோரே, அந்தப் பக்கம் ஒரு கண்ணு," என்றாள். வாய்க்கால் கரையில் மீன்கொத்திப் பொந்து இருந்தது. அவள் தளத்தின் நடுவில் நின்று எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். சாயங்காலம். ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்தது.

கைப்பேசியில் ஒரு கேள்வி வந்தது. சுங்கை ஆயர் தாவாரிலிருந்து லோகேஸ்வரி என்று ஒரு பெண். அக்கா, எனக்குக் கூட வர ஆள் இல்லை, தனியாகப் போனால் ஆபத்தா என்று கேட்டிருந்தாள். நான் எழுதத் தொடங்கினேன்.

"மண்டோரே, பின்னால?" என்று குரல் வந்தது.

"சரி," என்றேன்.

தலையைத் தூக்கவில்லை. இரண்டு மூன்று நொடி கழித்துத் தூக்கியபோது தளத்தில் யாரும் இல்லை.

தீயணைக்கும் பொம்பா ஆட்கள் வந்தார்கள். போலீஸ் வந்தது. கீழே, தண்ணீர் இல்லாத சிமெண்ட் சரிவில் அவளைப் பார்த்த பிறகு என் வாயில் எது வந்ததோ அதைச் சொன்னேன். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவள் கேட்காமல் பின்னால் போய்விட்டாள் என்றேன். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். மருத்துவமனையில் அத்தையிடமும் அதையே சொன்னேன். ஒரு தடவை சொன்னது பிறகு தானாகவே வந்தது. அத்தை அதை அடுக்குமாடியில் எல்லாரிடமும் சொன்னார். அவசரக்காரி. பதினோரு மாதத்தில் அவள் அவசரக்காரி ஆகிவிட்டாள். சோற்றுப் பானையைக்கூட இரண்டு தடவை திறந்து பார்ப்பவள்.

வலைப்பூவில் நான் எதுவும் எழுதவில்லை. லோகேஸ்வரி இன்னும் இரண்டு தடவை கேட்டிருந்தாள். அக்கா, பதிலைக் காணோமே. என் கைப்பேசியில் பாதிப் பதில் அப்படியே இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், பின்னால்.

அத்தை அழைத்த நாள் ஆலைக்கு விடுப்புச் சொன்னேன். பையைப் பிரித்தேன். கேமராவின் ஒரு மூலை நொறுங்கியிருந்தது. கார்டின் மூடி இடுக்கிபோட்டுத்தான் திறந்தது. கார்டு ஒன்றும் ஆகவில்லை. கணினியில் போட்டேன். பார்க்கக் கை போனது. நிறுத்திக்கொண்டேன். முதலில் கணினியில் ஒரு நகல். பிறகு அவளுடைய வெளி டிஸ்க்கில் ஒரு நகல். பச்சைக் கோடு நிரம்பும்வரை உட்கார்ந்திருந்தேன். மீன்கொத்திகளாகத்தான் இருக்கும், பறவையைப் பார்த்தபடியேதான் விழுந்திருப்பாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு படங்கள் மீன்கொத்தி. கடைசி நான்கு நான்.

முதலில் எனக்குப் புரியவில்லை. இரும்புச் சக்கரம், அதில் சாய்ந்து ஒருவன், குனிந்த தலை. அவள் மனிதர்களை எடுப்பதில்லை. இன்னும் தைரியம் வரவில்லை என்பாள். பிறகு ஞாபகம் வந்தது. அந்த வாரம் வலைப்பூவுக்கு அவள் சொல்லி நான் எழுதியது. தினமும் பக்கத்தில் இருந்தும் இதுவரை நீங்கள் எடுக்காத ஒன்றை இந்த மாதம் எடுங்கள். தட்டெழுதியபோது, "நீ எதை எடுக்கப் போற?" என்று கேட்டேன். "பாப்போம்," என்றாள்.

பறவையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியிருக்கிறாள். அப்போது அவள் முதுகு ஆற்றுப் பக்கம். நான் அவளுக்குப் பின்னால் இல்லை, எதிரே இருந்தேன். தலையைத் தூக்கியிருந்தால் போதும். அவளும், அவளுக்குப் பின்னால் கம்பி இல்லாத ஓரமும் நேராகத் தெரிந்திருக்கும்.

வெயில் அவள் முதுகில் அடித்திருக்கிறது. முதல் படத்தில் ஒரு நீண்ட நிழல் தளத்தில் விழுந்து என் முழங்காலில் ஏறியிருந்தது. முழங்கைகள் இருபக்கமும் விரிந்து, நடுவில் கேமரா, உச்சியில் கொண்டை. இரண்டாவதில் நிழலின் தலை என் காலணியில் இருந்தது. மூன்றாவதில் காலணியின் நுனியைத் தொட்டது. என்னை முழுசாகச் சட்டத்துக்குள் கொண்டுவர அவள் தளத்தின் நடுவிலேயே சிறு அடிகளாக நகர்ந்திருக்கிறாள், அதற்கு மேல் போகும் முன் என்னைக் கேட்டிருக்கிறாள். நான்காவது படத்தில் நிழல் என்னைத் தொடவில்லை. நடுவில் வெறும் சிமெண்ட். என் கண் கைப்பேசியில் இருக்கிறது. என் வாய் திறந்திருக்கிறது.

சரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். மூன்று இடம். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஐசி படத்தையே பெரிதாக்கிக் கொடுத்தால் அத்தை திட்டிவிட்டு வைத்துக்கொள்வார். சாயங்காலம்வரை அந்தப் படத்தின் முன்னால் இருந்தேன். நடுவில் ஒருமுறை எழுந்து போய் ட்ரை பாக்ஸைப் பார்த்தேன். நாற்பத்தாறு.

மறுநாள் கடைத்தெருவில் படம் கழுவும் சீனர் கடைக்குப் போனேன். நான்காவது படம், பன்னிரண்டுக்குப் பத்து அங்குலம். அவர் திரையில் பார்த்துவிட்டு, முன்னால் யாரோ எடுத்தவரின் நிழல் விழுந்து கெடுத்துவிட்டது, வெட்டிவிடவா என்று மலாயில் கேட்டார். ஆளை மட்டும் நன்றாகக் கொண்டுவரலாம் என்றார். வேண்டாம் என்றேன். முடிந்தால் ஆளை வெட்டுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெஸ்தாரி ஜெயா வழியாகப் புக்கிட் பெருந்துங் போனேன். வழியெல்லாம் செம்பனை. படம் இருந்த உறையைப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டியிருந்தேன். ஏன் மாட்டினேன் என்று தெரியவில்லை.

அத்தை மூன்றாம் மாடியில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். "எளச்சிட்ட," என்றார். டீ வைத்தார். சாமி மேடைக்குப் பக்கத்தில் ஐசி படம் இருந்தது. புதிய சட்டம் ஒன்றை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, மேசையில் தயாராக வைத்திருந்தார்.

"கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சி அத்தே. ஆனா இதுல நானும் இருக்கேன்."

"அதான் அன்னிக்கே சொன்னேனே…" என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "சரி குடு, பாப்போம்."

மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று தடவை கத்தியது.

"இவ எங்க?"

நான் நிழலைக் காட்டினேன்.

அத்தை படத்தை மேசையில் வைத்துக் குனிந்தார். சுட்டுவிரலை நிழலின் மேல் வைத்தார். கொண்டையில், தோளில், விரிந்த முழங்கையில். "அவதான்," என்றார். "கைய இப்படித்தான் வச்சிக்குவா. சின்னதுலேருந்தே. ஸ்கூல் பையத் தூக்கிறப்பவும் இப்படித்தான்." சிரிக்கப் பார்த்தார். "மொறைக்கல. பாரு, மொறைக்கல."

"அத்தே," என்றேன். "அவ கேட்டா."

"என்னாது?"

"பின்னால போறதுக்கு முன்ன கேட்டா. எப்பயும் போல கேட்டா."

அவர் தலையைத் தூக்கவில்லை. விரல் நிழலின் உச்சியில் நின்றது. பிறகு நகர்ந்தது. வெறும் சிமெண்டை மெதுவாகக் கடந்து என் காலணிக்கு வந்தது. முழங்காலுக்கு ஏறியது. கைக்கு வந்து, கைப்பேசியின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. என் டீ ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது. நான் எழுந்து போகவில்லை. விரல் மறுபடி மேலே ஏறி, படத்தில் திறந்திருந்த என் வாயின் மேல் வந்து, அதை முழுவதும் மூடிக்கொண்டு நின்றது.