இன்னா விழுந்த தெரு

போன வருஷம் ஆவணி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடிகாலை ஐந்தே முக்கால் மணிக்கு, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரே ஒரு தெருவில் மட்டும் வானத்திலிருந்து இட்லி விழுந்தது. அன்றைக்கு மார்க்கெட்டில் தேங்காய் முப்பத்திரண்டு ரூபாய். பால் விலையில் மாற்றம் இல்லை. ஆவணியில் இறங்காத பனி முதலில் இறங்கித் தெருவை மூடியது. அது விலகியபோது ஓட்டின் மேலும், பைக் சீட்டின் மேலும், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த தறிக்குப் போகும் பட்டு நூல் பாவின் மேலும், உள்ளங்கை அகலத்தில், வெள்ளை வெளேரென்று, ஆவி பறக்கக் கிடந்தன. நாலாயிரத்துச் சொச்சம் இழைகள் கொண்ட அந்தப் பாவில் ஓர் இழை அறுபடவில்லை, ஒரு சொட்டு ஈரம் படவில்லை. பாவுக்குக் கஞ்சி போட வந்தவர் பானையோடு அப்படியே நின்று, "இன்னாதுபா இது?" என்றார். கோலமாவுக் கிண்ணத்தோடு வெளியே வந்த எதிர்வீட்டு அம்மாளும் அதையே கேட்டாள். ஏழு மணிக்குள் அந்தத் தெருவில் அந்தக் கேள்வி குறைந்தது ஐயாயிரம் தடவை கேட்கப்பட்டது. பதில் ஒருமுறைகூட வரவில்லை. அதனால் கேள்வியே பெயராகிவிட்டது. இன்றுவரை அதன் பெயர் இன்னாதான். வேதத்தில் மோசேயின் ஜனங்களுக்கு வனாந்தரத்தில் வானத்து அப்பம் விழுந்தபோதும் இதே கூத்துதான், அதற்கு வைத்த மன்னா என்ற பேருக்கே 'இது என்ன' என்றுதான் அர்த்தம் என்று உபதேசியார் ஜான்சன் பிற்பாடு விளக்கினார். அப்படியானால் மோசேயின் ஜனங்கள் பேசியது பிள்ளையார்பாளையத்துத் தமிழ்தான் என்று தெரு அன்றோடு முடிவு கட்டியது.

தெருவில் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் அம்சவேணி. அவளுக்கு அது என்ன என்றும் தெரியும், எதனால் வந்தது என்றும் தெரியும். அவள் வாயால் வந்தது. இருபத்து மூன்று வருஷமாகத் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருப்பவள். பட்டு நூல் வாங்க பெங்களூர் போன புருஷன் வேலாயுதம் நூலையும் அனுப்பாமல் தானும் திரும்பாமல் இருந்துவிட்ட வாரத்தில் அடுப்பு மூட்டியவள், அதற்கப்புறம் ஒருநாளும் கடையை மூடவில்லை. அவள் இட்லி எவ்வளவு மெத்தென்றால், இலையில் வைத்தபின் மின்விசிறி போடக்கூடாது. ஒருமுறை அப்படிப் பறந்த இட்லியைப் பக்கத்து ஊரான ஓரிக்கையில் பிடித்தார்கள். சாட்சி மூன்று பேர் இருக்கிறார்கள், மூவரும் கௌரவமானவர்கள். யாரிடமும் எதையும் ஓசியில் வாங்கியதில்லை என்பது அவளுடைய கர்வம். கோயில் பிரசாதத்துக்குக்கூட உண்டியலில் ஒரு ரூபாயாவது போட்டுவிட்டுத்தான் கை நீட்டுவாள். சூடான இட்லி விற்பனைக்கு. ஆறியதும் உடைந்ததுமாகக் கடைசியில் மிஞ்சுவதுதான் அவளுக்கு.

இட்லி விழுந்ததற்கு முந்தின நாள் திங்கட்கிழமை. அன்று காலை ஜான்சன் அவள் கடையில் நாலாவது இட்லியில் இருந்தார். அவர் தறிக்காரர், ஓட்டுக் கூரை போட்ட சின்ன சர்ச்சில் ஞாயிறுதோறும் வேதக் கதை சொல்பவர். எந்தக் கதையையும் முதலில் அம்சவேணியிடம் சொல்லிப் பார்ப்பார். அவளிடம் தேறினால் எங்கும் தேறும்.

"நாப்பது வருஷம் வேணிம்மா. ஒருத்தரும் அடுப்பு மூட்டல. தெனம் காலைல வானத்துலேருந்து அப்பம் விழும்."

"மாவு யாரு ஆட்டனது?"

"மாவெல்லாம் இல்லம்மா. அதான் கிருபை. நம்ம கையில ஒண்ணும் கேக்காம சும்மா குடுக்கறது."

அம்சவேணி கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "போன மாசம் இன்னா சொன்ன? ஆதாம தோட்டத்துலேருந்து தொரத்திட்டு, நெத்தி வேர்வை சிந்தித் துன்னுன்னு சொன்னாருன்ன. இப்ப சும்மா குடுக்கறாருன்ற. ரெண்டுல ஒண்ண சொல்லு உபதேசி."

"ரெண்டும் அவருதாம்மா."

"அப்டியா. அப்ப எங்க தெருவுல போடச் சொல்லேன். அவரு இட்லி எப்டி இருக்குதுன்னு நானும் பாக்கறேன்."

நேர்த்திக்கடன், உபவாசம், முழங்கால் ஜெபம் எல்லாம் மேலே போய்ச் சேர வருஷக்கணக்கில் ஆகிறது. சவால் மட்டும் மறுநாள் விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

பழைய தமிழில் இன்னா என்றால் துன்பம். அம்சவேணி அதையெல்லாம் படித்ததில்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, அவித்த இட்லி அவித்தபடி தட்டில் இருக்க, ஈ ஓட்டிக்கொண்டு தனியாக நின்றபோது அந்தப் பொருள் அவளுக்குத் தானாகவே விளங்கியது.

ஒரு வாரத்துக்குள் இன்னாவின் சட்டதிட்டங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டன. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் பொறுக்கலாம். வாசல்படி தாண்டியதும் அந்த வீட்டுக்கு எவ்வளவு பசியோ அவ்வளவுதான் பாத்திரத்தில் இருக்கும். புடவைக் கடை ஜெயக்குமார் ஒரு மினி லாரி கொண்டுவந்து தார்ப்பாய் முட்ட நிரப்பினார். வீட்டு வாசலில் இறக்கியபோது ஆறு இருந்தன. வீட்டில் மூன்று பேர், மூவருக்கும் சர்க்கரை. விடுவாரா, அந்த ஆறையும் தின்னாமல் பட்டினி கிடந்து ஃப்ரீசரில் வைத்தார். விடிந்து திறந்தால் புழு. சாதாரணப் புழு இல்லை. பட்டுப்புழு மாதிரி கொழுகொழுவென்று, தலையைத் தூக்கி ஜெயக்குமாரை மேலும் கீழும் பார்த்தது. ஃப்ரீசரோடு பாலாற்று மணலில் புதைத்துவிட்டு வந்தார். உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் வந்தார், நல்ல மனிதர். படிவத்தில் உற்பத்தியாளர் பெயர் என்ற இடத்தில் ஜான்சன் சொன்னதை மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார். முகவரி என்ற இடத்தில் 'மேலே' என்று எழுதினார். பின்கோடு இல்லாமல் கம்ப்யூட்டர் அதை ஏற்க மறுப்பதால் விவகாரம் அங்கேயே நிற்கிறது.

சனிக்கிழமை இன்னா விழவில்லை. முந்தின நாள் இரட்டிப்பாக விழுந்ததை யாரும் கவனிக்காததால் தெரு பதறிப்போனது. தறிக்கு அமாவாசை லீவு இல்லையா, அதுபோல அவருக்குச் சனிக்கிழமை லீவு என்று ஜான்சன் சொன்ன பிறகுதான் அடங்கியது. சொல்லிவிட்டாரே தவிர, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துகிற அவருக்கு அதில் கொஞ்சம் சங்கடம்தான். சனிக்கிழமை ஆராதனை நடத்தும் சபைக்காரர்கள் கடைத்தெருவில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் புன்னகைக்க ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை என்றாலே பெருமாள், ஆகவே அனுப்புவது வரதர்தான் என்று சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு தரப்பு கிளம்பி வந்தது. சனிக்கிழமை விரதம் பக்தருக்கா பெருமாளுக்கா என்று யாரோ கேட்டதில் அதுவும் நின்றுபோனது.

இத்தனைக்கும் நடுவே அம்சவேணியின் கடைப் படியில் தினமும் மூன்று விழுந்தன. அவள் பொறுக்கப் போகாததால் அது அவளைத் தேடி வந்தது. அவள் பசிக்கு மூன்று இட்லி சரியாக இருக்கும் என்பது அவளுக்கே மறந்துபோன விஷயம்; மிஞ்சுவதைப் பொறுத்து ஒன்றோ ஒன்றரையோதான் தின்று பழக்கம். முதல் நாள் விளக்குமாற்றால் தள்ளினாள். இரண்டாம் நாள் காக்காய்க்கு எடுத்து வைத்தாள். காக்காய் அதைத் தொடாமல், 'உன் பேர்ல வந்ததை எனக்கு ஏன் வைக்கிறாய்' என்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் தொடவே இல்லை. வெயில் ஏறும்போது மூன்றும் கற்பூரம்போலக் கரைந்துவிடும். மறுநாள் அதே படியில், அதே இடத்தில், மறுபடி ஆவி பறக்கும். "ஓசி வேணாம்னு சொல்லிக்கினே இருக்கறேன், காது கேக்குதா இல்லியா" என்று அண்ணாந்து பார்த்துத் திட்டுவாள். கேட்ட மாதிரி தெரியவில்லை. சனிக்கிழமை ஒருநாள் விற்றது அரிசிக்கே பத்தவில்லை; மற்ற நாளெல்லாம் வியாபாரம் சுத்தமாகப் படுத்துவிட்டது. முப்பத்தேழாம் நாள் கிரைண்டரை வாங்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் புடைக்க ஆள் வேண்டும் என்று, திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். தான் புடைத்துக் கொடுக்கும் அரிசியை வேறு யாரோ இட்லிக்கு ஊறப் போடுவார்கள் என்று நினைத்ததும் எழுந்து போய், விற்கப்போகிற கிரைண்டரை இன்னொரு தடவை கழுவித் துடைத்தாள்.

நாற்பது நாள்கூட முடியவில்லை, தெரு முணுமுணுக்க ஆரம்பித்தது. இன்னாவில் உப்பு இல்லை என்றார்கள். தினமும் இதுதானா என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டுக்கொள்ள ஒன்றும் விழவில்லை. இருபத்து மூன்று வருஷமாக அம்சவேணி கடைச் சட்னியிலேயே காலம் தள்ளியதில் அந்தத் தெருவில் யாருக்கும் சட்னி அரைக்கும் கை இல்லாமல் போயிருந்தது. அரைத்துத்தான் பார்த்தார்கள். ஒரு வீட்டில் மருமகள் அரைத்த சட்னியைத் தொட்டுக்கொண்ட மாமனார் இரண்டு நாள் பேசவில்லை. பேச வந்தபோது சொத்தை மகளுக்கு எழுதுவதாகச் சொன்னார். வனாந்தரத்து ஜனங்களும் இப்படித்தான் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை என்று அழுதார்கள் என்று ஜான்சன் கண்டித்துப் பேசினார். பேசிவிட்டு நேராக ஒரு எவர்சில்வர் டப்பாவோடு தெருமுனைக்கு வந்தார்.

"இன்னா உபதேசி, உங்க கர்த்தர் கடையில கூட்டமா?" என்றாள் அம்சவேணி.

"கொஞ்சம் காரச் சட்னி அரைச்சுக் குடு வேணிம்மா."

"அவரையே கேளு. வானத்தத் தொறக்கத் தெரிஞ்சவருக்கு நாலு மொளகா அரைக்கத் தெரியாதா?"

ஜான்சன் டப்பாவைக் கீழே வைத்தார். "உடம்பும் கரையும் தனித்தனியா ஓட்டிக் கோக்கற கோர்வைப் புடவை நெய்யறப்போ உடம்பு நான் ஓட்டுவேன். கரைக்கு இன்னொரு கை வேணும். ஒருத்தனே நெய்யலாம், நெய்ய முடியாதுன்னு இல்ல. ஆனா அதுக்குப் பேரு கோர்வை இல்ல. உடம்ப அவரு நெய்ஞ்சுட்டாரும்மா. கரைய உனக்குன்னு உட்டு வெச்சிருக்காரு."

அம்சவேணி டப்பாவைத் திறந்து பார்த்து மூடினாள். "இது இப்ப யோசிச்சதா, ஞாயித்துக்கெழமைக்கு வெச்சிருந்ததா?"

"ஞாயித்துக்கெழமைக்கு" என்று ஒப்புக்கொண்டார் ஜான்சன்.

அந்த உபதேசத்துக்காக அவள் அரைக்கவில்லை. தன் தெருவில் கண்ட கண்ட சட்னியைத் தின்கிறார்கள் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை கையில் இன்னாவோடு நின்ற வரிசையின் கடைசி ஆள் காத தூரம் தள்ளி, திருமுக்கூடலில் பாலாற்றுக்குள் நின்றிருந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் அவருக்குச் சிரமம் இல்லை. கிரைண்டர் வாங்க வந்தவன் ஒரு தூக்கு சட்னி வாங்கிக்கொண்டு போனான். வாலாஜாபாத் மில்லில் வேறு ஆள் போட்டுக்கொண்டார்கள். வாரத்தில் ஆறு நாள் சட்னியும் சாம்பாரும். மேலே லீவு விடுகிற சனிக்கிழமை மட்டும் அவளுடைய இட்லி. வெள்ளிக்கிழமை இரட்டிப்பாக விழுவதை எடுத்து வைத்தால் சனிக்கிழமை கெடாது, புழு வைக்காது என்று ஜான்சன் எத்தனையோ முறை சொல்லியும் ஒருவரும் எடுத்து வைப்பதில்லை. விசுவாசக் குறைவு என்று வருத்தப்படுவார். சனிக்கிழமை அம்சவேணி கடை திறக்கும்போது வரிசையில் முதல் ஆளாக நிற்பதும் அவர்தான்.

படியில் விழும் மூன்று மட்டும் நிற்கவில்லை. அம்சவேணியும் தொடவில்லை. காலையில் பழைய சோறு, பகலில் மிஞ்சினது என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். கார்த்திகையில் ஒருநாள் விடாத தூறல். சட்னி வழித்தெடுத்தாற்போல் விற்றுத் தீர்ந்தது. பழைய சோற்றுக்கென்று வைத்திருந்ததை முந்தின நாள் ராத்திரியே யாரோ வாங்கித் தின்றுவிட்டார்கள். பதினோரு மணிக்கு அவள் படியில் வந்து உட்கார்ந்தாள். வெயில் வராததால் பக்கத்தில் அந்த மூன்றும் கரையாமல் கிடந்தன. மழை அவற்றைச் சுற்றிப் பெய்தது, மேலே பெய்யவில்லை. ஆவி பறந்துகொண்டே இருந்தது. இன்னொருவர் அவளுக்கென்று அவித்த இட்லி கடைசியாக எப்போது கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முந்தைய ஏதோ ஒரு காய்ச்சல் நாள்தான் ஞாபகம் வந்தது.

சும்மா எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு ரூபாய் எடுத்து மேலே எறிந்தாள். திரும்பி வந்து படியில் விழுந்தது. இன்னும் வேகமாக எறிந்தாள். அது வர இரண்டு நிமிஷம் ஆனது, ஆனால் வந்துவிட்டது. மூன்றாம் தடவை கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்குப் போய், நேராக அவள் மடியில் இறங்கியது, கொஞ்சம் சூடாக. அதற்குமேல் எறிய அவளுக்குக் கை வலித்தது. சட்னிப் பாத்திரத்தின் அடியைச் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாகத் தின்றாள்.

குடையோடு வந்த ஜான்சன் அதைப் பார்த்துவிட்டார். ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"உளுந்து பத்தல" என்றாள் அம்சவேணி. "மாவு இன்னும் ரெண்டு மணி நேரம் புளிக்கணும். உப்பு போட மறந்தே பூட்டாரு. மத்தபடி மோசமில்லன்னு சொல்லு."

"நீயே சொல்லும்மா. கேட்டுக்கினுதான் இருக்காரு."

மறுநாள் விழுந்த இன்னாவில் உளுந்து சரியாக இருந்தது, பக்குவமாகப் புளித்திருந்தது, உப்பும் இருந்தது. தெரு தின்றது, காரணம் கேட்கவில்லை. தை மாதம் ஒருமுறை உப்பு தூக்கல் என்றாள், அடுத்த நாள் குறைந்துவிட்டது. சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொள்கிற ஆளாக இருக்கிறார் என்று அம்சவேணிக்கு அவர்மேல் இப்போது ஒரு மரியாதை. தினமும் முதல் வேலையாக மூன்றையும் சூடாகத் தின்றுவிட்டுத்தான் சட்னிக்கு உட்காருகிறாள். தேங்காய்தான் நேற்று நாற்பத்தைந்து ரூபாய் ஆகிவிட்டது. அது மட்டும் விழுகிற வழியைக் காணோம்.