கறுப்புச் செற்றில் ஓடிய கலியாணம்

அக்கா அருந்ததிக்கு ஒரு கையடக்க டிவிடி பிளேயர் வாங்குவது என்று முடிவானது. அவளுடைய மகள் கௌரியின் கலியாண டிஸ்க் கனடாவிலிருந்து வந்து அலுமாரிக்குள் சும்மா கிடந்தது. கீழே குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரி இராமலெட்சுமி அம்மா, தன் பெரிய ரீவியில் போட்டுப் பார்க்கலாம் என்று பலமுறை சொல்லியிருந்தார். அக்கா இணங்கவில்லை. கலியாணம் பார்க்க என்று ஒழுங்கைச் சனமெல்லாம் கூடும், ஆனால் அவர்கள் படத்தைப் பார்க்கமாட்டார்கள், தன் நெற்றியைத்தான் பார்ப்பார்கள் என்றாள்.

அவள் நெற்றியில் பொட்டு இருந்தது. அவளுடைய கணவர் நாகேந்திரம் அத்தான் காணாமற் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஜிந்துப்பிட்டியில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதியவர். ஒருநாள் காலை வேலைக்குப் போகையில், கொட்டாஞ்சேனையில் வெள்ளை வான் ஒன்று அவரை ஏற்றிக்கொண்டு போனது. தெருவில் மிஞ்சியது அவருடைய வலக்கால் செருப்பு. தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவர் அதை எடுத்து வைத்துத் தந்தார். வார் அறுந்தபோது அத்தானே பச்சை நைலோன் நூலால் தைத்துக்கொண்ட செருப்பு. அக்கா அதைத் தன் வெள்ளவத்தை அறையின் கதவுக்கு வெளியே, உள்ளே வந்தவர் கழற்றிவிட்ட மாதிரி, முனை கதவைப் பார்க்க வைத்திருந்தாள். ஒற்றைச் செருப்பு வீட்டுக்கு ஆகாது என்று இராமலெட்சுமி அம்மா சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்.

கௌரி தாயைக் கனடாவுக்குக் கூப்பிட்டு, விசாவும் கிடைத்திருந்தது. அக்கா போகமாட்டேன் என்றாள். "அவர் வந்து தட்டினால் ஆர் திறக்கிறது?" என்பதுதான் அவளுடைய கேள்வி. விசாவின் தவணையோ முடிந்துகொண்டு வந்தது. மகளை மணக்கோலத்தில் ஒருதரம் கண்டால் மனம் இளகும் என்று எண்ணி, டிவிடி பிளேயர் யோசனையைச் சொன்னது நான்தான்.

காலி வீதியில் ஸாலிஹின் கடைக்குப் போனோம். கனடா டிஸ்க் எல்லா செற்றிலும் ஓடாது, கையோடு கொண்டுவந்து போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள் என்று அவர் முதலே சொல்லியிருந்தார். மேசையில் இரண்டை வைத்தார். ஒன்று வெள்ளி நிறம், புதிது, திரை பெரிது, பற்றறி ஒரு முழுப் படத்துக்குத் தாங்கும். மற்றது கறுப்பு. யாரோ வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்தது; விலை குறைவு. சில இடங்களில் படம் அசையாமல் தங்கும் என்று அவரே ஒளிக்காமற் சொன்னார்.

முதலில் வெள்ளியில் போட்டோம். ஸ்காபரோவில் ஒரு மண்டபம். வெளியே பனி. கௌரி கூறைச் சேலையில் குனிந்திருந்தாள். கன்னிகாதானம் வந்தது. தகப்பன் இருக்கவேண்டிய இடத்தில் அத்தானின் தமையன் இராசரத்தினமும் மனைவி பாலேஸ்வரியும் இருந்தார்கள். இராசரத்தினத்தின் தடித்த கை, கல் மோதிரத்தோடு, பெண்ணின் கையில் தண்ணீரை வார்த்தது. அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். சரி, இது போதும் என்று எனக்குப் பட்டது.

ஆனாலும் ஒரு பொருளை வாங்குமுன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். அதே டிஸ்க்கைக் கறுப்பில் போடச் சொன்னேன். ஸாலிஹ் அதே இடத்துக்கு ஓட்டினார். சாப்பாட்டுக் கட்டத்தைப் போடட்டுமா, எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தானே என்று பகிடியும் விட்டார். கன்னிகாதானம் வந்தது. மெலிந்த கை ஒன்று தண்ணீரை வார்த்தது. மோதிரம் இல்லை. சுண்டுவிரல் மடங்காமல் தனியே நீட்டிக்கொண்டு நின்றது.

அத்தானின் சுண்டுவிரல் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கும்போதும் நீட்டிக்கொண்டு நிற்கும். கௌரி சிறுவயதில் அதைப் பிடித்துத் தொங்குவாள்.

அந்த இடத்தில் படம் தங்கிவிட்டது. ஸாலிஹ் செற்றின் முதுகில் தட்டினார். மறுபடி ஓடியபோது இராசரத்தினத்தின் முகம் வந்தது.

அக்கா செற்றின் மேல் கையை வைத்தாள். "இதைத்தான் எடுக்கிறது."

"நல்லத வச்சிட்டு ஏன் அக்கா கெட்டதத் தூக்குறீங்க? படம் தங்குற செற் இது. நாளைக்கு எனக்குத்தான் ஏசுவீங்க."

"தங்கட்டும்," என்றாள் அக்கா.

ஒழுங்கை முனையில் செக்பொயின்ற். பெட்டியைத் திறக்கச் சொன்னான் ஆமிக்காரப் பெடியன். வயரும் பற்றறியும் இருந்ததால் போட்டுக் காட்டும்படி கேட்டான். உள்ளே கிடந்த டிஸ்க் ஓடத் தொடங்கியது. சாப்பாட்டுக் கட்டம். அவனுக்கும் பசி போலும், முகம் மலர்ந்து பார்த்துக்கொண்டு நின்றவன், திரையின் ஒரு மூலையில் விரலை வைத்தான்.

"மேயா கவுத?" இவர் யார் என்று கேட்டான்.

பின்சுவரோடு ஒருவர் முதுகு காட்டி நின்றார். கோட்டும் பட்டும் உடுத்த சனத்துக்குள் வேலைக்குப் போகிற நீலச் சேட். இடக்காலில் செருப்பு. வலக்கால் வெறுங்கால்.

அக்கா பதற்றமில்லாமல், "மகே மஹத்தயா," என்றாள். என் கணவர்.

"தென் கோ?" இப்போது எங்கே?

"கெனடாவே."

அங்கே மற்றச் செருப்பையும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்து எங்களைப் போகவிட்டான்.

ஒழுங்கைக்குள் வந்ததும், நல்ல நேரம் சமாளித்தாய் என்றேன்.

"நான் பொய் சொல்லேல்லைத் தம்பி. நீயும் கண்டனீதானே."

நானும் கண்டதுதான். ஒன்றும் அறியாத ஒருவன் அல்லவா விரலை வைத்துக் காட்டினான்.

மறுநாள் டிஸ்க்கை நான் வேலை செய்யும் கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொம்பியூட்டரில் ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். நீலச் சேட் எங்கும் இல்லை. தண்ணீர் வார்த்தது இராசரத்தினம்தான். பின்னேரம் அக்காவின் அறையில் கறுப்புச் செற்றில் போட்டோம். அத்தான் நின்றார், ஆனால் சாப்பாட்டுக் கட்டத்தில் அல்ல, பரிசுப் பொருட்கள் குவிந்த மேசைக்குப் பக்கத்தில். அடுத்த முறை, குளிர் உடுப்புகள் தொங்கவிட்ட இடத்தில். அதற்கடுத்த முறை, மண்டபத்தின் கண்ணாடிக் கதவுக்குக் கிட்ட. ஒருமுறையும் முகம் காட்டவில்லை. அக்கா சாப்பாட்டை மறந்து பார்த்தாள். அவளுடைய முகத்தில் நான் நெடுநாளாகக் காணாத தெளிவு இருந்தது.

அத்தான் ஒவ்வொரு முறையும் வாசல் பக்கமாக நகர்கிறார் என்று நான் சொன்னேன்.

"என்னைத் தேடுறார்," என்றாள். "மகளின்ரை கலியாணத்திலை தாய் எங்கை எண்டு தேடமாட்டாரே? ஆளை அங்கை தவிக்கவிட்டிட்டு நான் இஞ்சை கதவைக் காத்துக்கொண்டிருக்கிறன். நான் போறன் தம்பி. ரிக்கற்றைப் போடு."

எதற்காக அந்தப் பிளேயரை வாங்கினேனோ அது நடந்துவிட்டது. ஆனால் வாசலுக்குப் போகிறவர் தேடி வருபவரா, வெளிக்கிட்டுப் போகிறவரா என்று ஒரு கேள்வி எனக்குள் கிடந்தது. அதைக் கேட்டால் அவள் நின்றுவிடுவாள். நான் ரிக்கற் எடுக்கப் போனேன்.

புறப்படும்போது அக்கா கறுப்புச் செற்றைக் கொண்டுபோகவில்லை. ஆளே அங்கே நிற்கும்போது படம் எதற்கு என்றாள். செருப்பைப் பெட்டியில் வைக்கக் கையில் எடுத்தவள், சோதிக்கிற இடத்தில் ஒற்றைச் செருப்புக்கு விளக்கம் கேட்பார்கள் என்று திரும்ப அதே இடத்தில் வைத்தாள். பிறகு நான் பார்சலில் அனுப்புவதாகப் பேச்சு. படியிறங்கும்போது, வழக்கம்போல, யாராவது வந்தால் சொல்லும்படி இராமலெட்சுமி அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாள். பிறகு சிரித்து விட்டுவிட்டாள். அவளை அப்படிச் சிரிக்கக் கண்டதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களை வெளிவாசலோடு தடுத்துவிட்டார்கள். அவள் உள்ளே போனதும் நான் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்குத் திரும்பினேன், அறையைக் காலிசெய்து கொடுக்க. பின்னேர வெயில் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. கடற்கரைப் பக்கம் றெயில் ஒன்று போய் ஓய்ந்தது. கதவைச் சாத்திவிட்டுச் சாமான்களைக் கட்டினேன். கடைசியாகக் கறுப்புச் செற் மிஞ்சியது. அதைப் பெட்டியில் வைக்குமுன் ஒருமுறை போட்டேன்.

தண்ணீரை வார்த்தது மோதிரம் போட்ட கை. சாப்பாட்டுக் கட்டத்தின் பின்சுவர் வெறுஞ்சுவர். பரிசு மேசையடியில் பிள்ளைகள் மட்டும். குளிர் உடுப்புகளுக்கு இடையில் ஒருவரும் இல்லை. கடைசியில் கமரா கண்ணாடிக் கதவுக்கு வந்தது. அப்போதுதான் யாரோ தள்ளிக்கொண்டு வெளியே போன மாதிரிக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. அப்பால் பனி. அதில் காலடிகள் இருந்தன. ஒன்று செருப்படி, ஒன்று வெறுங்கால், மாறி மாறி. அந்த இடத்தில் படம் தங்கியது.

நான் செற்றை அணைத்து மூடினேன். பார்சலுக்கு எடுத்து வைத்த பையோடு, செருப்பை எடுக்கக் கதவைத் திறந்தேன்.

இரண்டு செருப்புகள் இருந்தன.

வலது செருப்பில் பச்சை நூல். அதோடு ஒட்டி இடது செருப்பு. இரண்டின் முனையும் கதவைப் பார்த்தபடி, உள்ளே வந்தவர் கழற்றிவிட்ட மாதிரி. இடது செருப்பு நனைந்திருந்தது, அதைச் சுற்றிச் சீமெந்தில் ஈரம். வெள்ளவத்தையில் மழை பெய்து நாளாகியிருந்தது. படியேறி யாரும் வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

என் முதுகுக்குப் பின்னால், நான் அணைத்து மூடிய செற்றிலிருந்து கெட்டிமேளம் எழுந்தது.

நான் திரும்பவில்லை. அக்காவின் பிளேன் அந்நேரம் கடலுக்கு மேலே எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். கேட்பவருக்குப் பதில் சொல்ல அந்த அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

"அத்தான்," என்றேன் செருப்புகளைப் பார்த்தபடி, "அக்கா உங்களைத் தேடிப் போயிட்டா."

மேளம் பாதியில் தங்கியது.