பிறையில் மூன்று கீறல்கள்

அந்தக் காசு பஸ்ஸில் மீதிச் சில்லறையோடு என் கைக்கு வந்தது. அச்சடிக்கும்போது நகர்ந்திருக்க வேண்டும். படமும் எழுத்தும் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கத்தில் வெட்டிப்போட்ட நகம் போல ஒரு வெறும் பிறை. வருடம் மட்டும் முழுதாகத் தப்பித்திருந்தது. செல்லாது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். என் கொழுந்தன்தான் பார்த்துவிட்டுக் குதித்தான்.

"அண்ணி, தப்பா அடிச்ச காசுன்னா சேர்க்கிறவங்க உயிரை விடுவாங்க. வருஷம் வேற தெரியுது. உங்க ஓவர்லாக் மெஷின் வீட்டுக்கு வந்தாச்சுன்னு வெச்சுக்கோங்க!"

அந்த மெஷின் வந்தால் தையல்கடையில் முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், வீட்டிலேயே தைக்கலாம். இதை அவனிடம் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. என்னிடமிருந்து எதையாவது வாங்க வேண்டுமென்றால் எந்த இடத்தில் தொட வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு மாதமாக வேலையில்லாதவன் கையில் புதுக் கடிகாரம். கேட்டால், நண்பன் கொடுத்ததாம். எங்கள் பழைய ஃபிரிட்ஜை விற்றுத் தந்தபோது அவன் சொன்ன விலையை நான் இன்றுவரை நம்பவில்லை. என் கணவரிடம் சொன்னால், "அவன் என் தம்பி" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

காசை மறுநாள் தருவதாகச் சொன்னேன்.

எங்கள் கடையில் துணிகளைச் சலவைக்கு அனுப்பும் முன் மடிப்பின் உள்ளே அடையாளம் போடுவோம். இரண்டு குட்டைத் தையல், குறுக்கே ஒன்று. மாறி வந்தால் கண்டுபிடிக்கலாம். பழக்க தோஷத்தில் வீட்டுத் துணிகளுக்கும் போட்டுவிடுவேன். அன்று எல்லோரும் வெளியே போனபின் ஊசியை எடுத்துக் காசின் மேலும் அதையே போட்டேன். படத்தின்மேல் வைக்க மனம் வரவில்லை. ஒன்றுமில்லாத பிறையில், ஓரமாக, இரண்டு கோடு, குறுக்கே ஒன்று. அங்கே யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் கொழுந்தன் காசைப் பழைய நாணயங்கள் வாங்கி விற்கும் கடைக்குக் கொண்டுபோனான். எடை போட்டு, வாங்குகிற ஒருவரிடம் காட்ட வேண்டும் என்று கடைக்காரர் வைத்துக்கொண்டாராம். அந்த இரண்டு நாளும் கொழுந்தன் வீட்டில் பாட்டு முணுமுணுத்தபடி திரிந்தான். அந்தப் பாட்டைக்கூட நான் சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் நாள் முகம் சுண்டி வந்து காசை மேசையில் வைத்தான். அவனுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அடையாளம் இருந்தது. மாறவில்லை. ஒரு நொடி எனக்கு உடம்பே லேசானது.

"கால் விலைதான் தருவாராம் அண்ணி. புதுசா கீறல் இருக்காம். அந்தாளுதான் கீறியிருப்பான், விலையை அடிக்கிறதுக்கு. கிளம்புங்க. காசு உங்களுது, நீங்க வந்து கேட்டா பதில் சொல்லித்தானே ஆகணும்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்காகப் போட்டேன் என்றும் சொல்ல வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க உட்கார்ந்திருந்த கடைக்காரர், கொழுந்தன் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"தம்பி, கீறித்தான் பிழைக்கணும்னா நான் ஆணி வியாபாரம் பண்ணியிருப்பேன்" என்று கணினித் திரையைத் திருப்பினார். "நீங்க மேசைல வெச்ச நிமிஷம் எடுத்த படம் இது. வர்ற ஒவ்வொரு காசையும் எடுத்துடுவேன். எனக்கும் பயம் இருக்காதா?"

திரையில் காசு தட்டு அளவுக்குப் பெரிதாக இருந்தது. இரண்டு கோடு, குறுக்கே ஒன்று.

"இது பையில உரசினது இல்ல. ஊசி. யாரோ உக்காந்து நிதானமா போட்டிருக்காங்க."

"ஓரத்துலதானே இருக்கு?" என்றேன். "படத்துல படலையே."

"படமும் எழுத்தும் எல்லாக் காசுலயும்தான் இருக்கும்மா. இதுல விலையே அந்த வெறும் இடத்துக்குத்தான்."

கொழுந்தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மெல்லச் சட்டையின் கீழ்மடிப்புக்குப் போனது. கட்டைவிரல் உள்பக்கம் எதையோ தடவி நின்றது. அவன் என் பக்கம் திரும்பவில்லை.

"நான்தான் போட்டேன்" என்றான் கடைக்காரரிடம். "உங்க மேல நம்பிக்கை இல்லாம. கத்தினதுக்கு மன்னிச்சிடுங்க."

அவர் சிரித்தார். "சந்தேகத்துக்கு இவ்வளவு செலவு பண்ணக்கூடாது தம்பி."

வெளியே வந்ததும் காசை என் உள்ளங்கையில் வைத்தான்.

"வெச்சுக்கோங்க அண்ணி. இனிமே யாராலயும் மாத்த முடியாது."

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவன் படிக்கட்டருகே நின்றான். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? அண்ணனிடம் சொல்வதற்காக வைத்திருக்கிறானா? இதற்குப் பதிலாக நாளைக்கு என்ன கேட்பான்? இல்லை, வெறுமனே எனக்காகத்தான் சொன்னானா? அந்தக் கடைசிக் கேள்வியில் மட்டும் என்னால் நிற்க முடியவில்லை.

கவனித்தபோது, கைப்பைக்குள் என் நகம் காசின் ஓரத்தைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு கோடு. குறுக்கே ஒன்று.